இடம் பிடித்து வைத்தவள்

கால் ஆடிக்கொண்டிருந்தது.

பிசியோதெரபி அறைக்கு வெளியே இருந்த நீள பெஞ்சில், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தவள், பக்கத்திலிருந்த பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்த பிறகுதான் குனிந்து கவனித்தாள். வலது குதிகால் தரையிலிருந்து எழும்பி, விரல்களின் மேல் நின்று, தையல் மெஷின் ஊசியைப் போல மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வில் பெஞ்சே மெல்ல நடுங்கியது. அறுவைசிகிச்சை செய்த கால் அது. அதைக் கொஞ்சம் மடக்குவதற்கே உள்ளே பிசியோ பெண் "பல்லைக் கடிச்சுக்கங்கக்கா" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

உள்ளங்கையை முழங்காலின் மேல் வைத்தாள். உடனே நின்றது. தசை பிடித்து இழுத்து மெல்ல அடங்குவதைப் போல இல்லை. அதட்டியதும் சட்டென்று கையைக் கட்டிக்கொண்டு, எப்போது மறுபடி ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்கும் குழந்தையைப் போல நின்றது.

"மன்னிச்சுக்குங்க ஐயா."

"அட, இதுல என்னம்மா. என் மருமகளும் இப்படித்தான். அவ உட்கார்ந்தா வீடே ஆடும்."

அவள் சிரித்து வைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் காலாட்டியதே கிடையாது. காலாட்டுவது தங்கை. சாப்பிடும்போது, டி.வி. பார்க்கும்போது, போனில் யாருடனாவது சண்டை போடும்போது. "காலை ஆட்டாதடி" என்று அவள் சொல்லாத நாளில்லை. "ஒரே இடத்துல உட்கார்ந்துக்கிட்டே ஊர் சுத்தறேன்க்கா, உனக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்பாள் தங்கை.

அந்தத் தங்கை இப்போது இல்லை.

அன்று காலை இருவரும் மாடி வீட்டுப் பால்கனியில் நின்று, துவைத்த போர்வையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். தங்கை வழக்கம்போல வேண்டுமென்றே எதிர்த் திசையில் முறுக்கிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தரை போய்விட்டது. உள்ளே கம்பியெல்லாம் துருப்பிடித்து இற்றுக் கிடந்ததாகவும், மேலே பூசிய சிமெண்ட் மட்டும்தான் இத்தனை நாளும் தாங்கியதாகவும் பிறகு வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். அவள் நின்றபடியே கீழே இறங்கினாள். தங்கை மல்லாக்க விழுந்தாள். தூக்க வந்தவர்கள் முதலில் போர்வையைத்தான் இரண்டு பேர் கையிலிருந்தும் விடுவிக்க வேண்டியிருந்ததாம்.

தங்கையை எடுத்துக்கொண்டு போனபோது அவள் ஆஸ்பத்திரியில், காலைப் பலகையில் கட்டிப்போட்டுப் படுத்திருந்தாள். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வீக்கம் வடிந்த பிறகு எலும்பு டாக்டர் வந்தார். பேச்சில் பதமானவர். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"தொடை எலும்பு வந்து சுத்தியல் மாதிரி கீழ் எலும்போட தலையில இறங்கியிருக்கும்மா. வேகவெச்ச முட்டையை ஸ்பூனால தட்டினா ஓடு உள்ள அமுங்குமே, அப்படி. அமுங்கினதைத் தூக்கி நிறுத்தித் தகடு வெச்சு முடுக்கிடலாம். ஆனா தூக்கினதும் அடியில ஒரு பொந்து விழும். அதைச் சும்மா விட்டா, நீங்க காலை ஊனின அன்னிக்கே மறுபடி அமுங்கிடும்."

"பொந்தை எதால அடைப்பீங்க?"

"முன்னெல்லாம் இடுப்புல இருந்து கொஞ்சம் எலும்பைச் சுரண்டி எடுத்து வைப்போம். அது தனி வலி, தனி காயம். இப்ப அதுக்குப் பதிலா மாற்று எலும்பு வந்திருக்கு." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் குலுக்கினார். உள்ளே வெள்ளையாக, ரவையைப் போலத் துகள்கள். "பேருதான் எலும்பு. நிஜத்துல இது எலும்பு வர்ற வரைக்கும் இடம் பிடிச்சு வைக்கிற சாமான். பஸ்ல துண்டு போட்டு வைக்கிறோமில்ல? ஆள் வந்து உட்கார்ந்ததும் துண்டை எடுத்துடறோம். அந்த மாதிரி, உள்ள எலும்பு வளர வளர இது கரைஞ்சு போயிடும். கடைசியில இது இருந்த தடம்கூட இருக்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை போன பிறகு வந்த முதல் சிரிப்பு. அதற்காக அன்று முழுக்க அழுதாள்.

வீட்டில் தங்கையின் மகள் இருந்தாள். பாப்பா. இரண்டாம் வகுப்பு. அப்பாவுக்குக் கப்பலில் வேலை. காரியங்கள் முடிந்ததும் திரும்பப் போயாக வேண்டியிருந்தது. எதிர்வீட்டு அக்காதான் பாப்பாவுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினாள். சொன்னால் சாப்பிட்டாள் பாப்பா, சொன்னால் தூங்கினாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. பால்கனிக் கதவை ஆணியடித்து மூடியிருந்தார்கள்; அதற்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து பாப்பா வீட்டுப்பாடம் எழுதுவாள். தரையில் பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

ஒரு மழை நாள் மாலை. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அச்சகத்திலிருந்து வந்த பாடப்புத்தகத் தாள்களில் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் தொழில். ஒற்று மிகுந்த இடமும் துணைக்கால் விட்ட இடமும் அவள் கண்ணுக்குத் தப்பியதே இல்லை. மழை தகரத்தில் விழும் சத்தத்துக்கு நடுவே, முழங்காலுக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. நறநறவென்று, சின்ன டப்பாவுக்குள் ரவை நகர்வதைப் போல. ஈரப் போர்வையின் சோப்பு வாசனை எங்கிருந்தோ வந்தது. வீட்டில் அன்று யாரும் துவைக்கவில்லை.

பென்சில் சத்தம் நின்றது.

"பெரியம்மா."

"ம்?"

"நீங்க அம்மா மாதிரி ஆட்டறீங்க."

குனிந்து பார்ப்பதற்குள் பாப்பா எழுந்து வந்து அந்த முழங்காலின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ கண்ணு, வேணாம், அது அடிபட்ட கால்..."

வலிக்கவில்லை. குழந்தையின் பாரமே தெரியவில்லை. கால் தானாக அவளைத் தூக்கியது, இறக்கியது. மெதுவாக, மெதுவாக, மெதுவாக, பிறகு சட்டென்று ஓட்டம், ஓட்டம், ஓட்டம். கடைசியில் முழங்கால் திடீரென்று கீழே சரிந்து, குழந்தை விழுவதற்குள் மறுபடி ஏந்திக்கொண்டது.

"பள்ளம்!" என்று கத்திக்கொண்டு பாப்பா சிரித்தாள்.

அது தாயும் மகளும் ஆடும் குதிரை விளையாட்டு. அவள் அதை ஒருநாளும் ஆடியதில்லை. சமையலறையில் நின்றபடி காதில் வாங்கியதோடு சரி. எத்தனை மெதுவாக, எப்போது ஓட்டம், பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. காலுக்குத் தெரிந்திருந்தது.

பாப்பா தூங்கியதும் அவள் புடவையை விலக்கித் தழும்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சிவந்து, நீளமாக, வாயை இறுக மூடிக்கொண்டதைப் போல இருந்தது தழும்பு.

"நீதானாடி?"

தழும்பைக் கையால் தடவினாள். முகத்தைக் கடைசியாகப் பார்க்காததைச் சொன்னாள். போர்வையை விடவேயில்லை என்று சொன்னாள். நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததையெல்லாம் அந்த எலும்புக்குச் சொல்லி அழுதாள். "அக்காவை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். கால் மரக்கட்டையைப் போலக் கிடந்தது. அடுத்த அறையில் பாப்பா தூக்கத்தில் புரண்டாள், கட்டில் கிரீச்சிட்டது. உடனே முழங்கால் சூடானது. அந்தப் பக்கமாகத் திரும்பியது.

அவளுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது அப்போதுதான். செத்தவள் வந்திருப்பது அவளைப் பயமுறுத்தவில்லை. வந்தவள் தன்னைப் பார்க்க வரவில்லை என்பதுதான்.

ஆனாலும் மறுநாள் பாப்பா பள்ளியிலிருந்து ஓடிவந்து பையைக் கழற்றாமலே "குதிரை" என்று கேட்டபோது, மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. குழந்தை சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. நீதான் அவளுக்கு இனி அம்மா."

ஊன்றுகோலை விட்டுவிடலாம் என்று பிசியோ பெண் சொன்னாள். அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்தாள். "நொண்டல் சுத்தமா போயிடுச்சுக்கா. ஆனா உங்க நடையே வேற மாதிரி ஆயிடுச்சே. யாரோ சின்னப் பொண்ணு துள்ளிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு."

ஒருநாள் கடைத்தெருவில் எதிர்வீட்டு அக்கா அவள் காலைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன இது, ஜோடி மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டே?"

இடது காலில் அவளுடைய செருப்பு. வலது காலில் தங்கையின் செருப்பு. அலமாரியின் அடியில், துணியில் சுற்றி வைத்திருந்த செருப்பு. அவளுக்கு அது எப்போதும் ஓர் அளவு சிறியது. இப்போது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

அச்சகக்காரர் போன் செய்தார். "என்னம்மா, பக்கத்துக்குப் பக்கம் பிழை. உங்க கையெழுத்து இல்லைன்னா யாரோ பார்த்ததுன்னுதான் நினைச்சிருப்பேன்." தாள்களை வாங்கிப் பார்த்தாள். எங்கே பிழை என்றே தெரியவில்லை. எழுத்துகள் நேராகத்தான் இருந்தன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் புதிய எக்ஸ்ரேயைப் பார்த்ததும் கூடத்திலிருந்த சின்ன டாக்டர்களைக் கூப்பிட்டார். "இங்க பாருங்கப்பா. துகள் எங்கயாவது தெரியுதா? மொத்தமும் எலும்பா மாறிடுச்சு. வருஷக்கணக்குல ஆக வேண்டியது." அவர்கள் போன பிறகும் பேனா முனையால் படத்தில் எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டர்?"

"ஒண்ணுமில்ல. நான் வெச்ச இடம் இவ்வளவுதான். புது எலும்பு கணுக்கால் வரைக்கும் போயிருக்கு. மேல..." படத்தைத் திருப்பினார். "மேல தொடை எலும்புலயும் இருக்கு. நடுவுல மூட்டு இருக்கே, எப்படித் தாண்டிச்சு? சரி, நல்ல கெட்டி எலும்பு. கெடுதல் இல்ல."

"அதை எடுத்துடுங்க டாக்டர்."

"தகட்டையா? அதுக்கு இன்னும் நாள் இருக்கும்மா."

"தகடு இல்ல. பொந்துக்குள்ள வெச்சீங்களே, அது."

அவர் அவளைக் கனிவோடு பார்த்தார். அடிபட்டவர்கள் இப்படியெல்லாம் கேட்பது அவருக்குப் பழக்கம். "அது எங்கம்மா இருக்கு? கரைஞ்சே போச்சே. இப்ப உள்ள இருக்கறது நீங்கதான்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்கு வரும்போதுதான் அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. டாக்டர் சொன்ன துண்டு. ஆள் வந்து உட்கார்ந்ததும் எடுத்துவிடும் துண்டு. மூட்டுக்குள் விழுந்த பொந்து மட்டும்தான் பொந்தா? பாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பொந்து விழுந்திருந்தது. அதில் தன்னைத்தான் வைத்து அடைத்திருந்தார்கள். பிடித்திருந்த கம்பியை விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் துப்பட்டாவால் வலது காலை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். இறுக்கி, முடிச்சின் மேல் முடிச்சு போட்டாள். முழங்கால் துணிக்குள் துடித்தது. பாப்பா வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். உதடு கோணியது. அத்தனை நாள் அழாத அழுகை.

"ஏன் அம்மாவைக் கட்டி வெச்சிருக்கீங்க? அம்மாவுக்கு வலிக்கும் பெரியம்மா!"

பிஞ்சு விரல்களால் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். தடுக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். கை எழும்பியது. குழந்தையின் தலைமுடியைக் கோதிவிட்டது. அவள் அப்படிக் கோதுவதில்லை.

கப்பலிலிருந்து தங்கையின் கணவன் பேசினான். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் தொலைவிலிருந்து வந்தது. "பாப்பா சிரிக்கறான்னு கேள்விப்பட்டேன்க்கா. எனக்கு உசுரு திரும்பி வந்த மாதிரி இருக்கு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. அவளை இங்கிருந்து கூட்டிட்டுப் போயிடுங்க. உங்க அம்மா வீட்டுல விடுங்க. சீக்கிரம். நான்..."

வலது கை போனைக் காதிலிருந்து எடுத்தது. பொத்தானை அழுத்தியது. மேஜையில் வைத்தது. அவள் இடது கையால் எட்டினாள். எட்டியதாகத்தான் நினைத்தாள். இடது கை மடியில் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.

இடது கால். இடுப்பு. காலையில் எழுந்ததும் எது தன்னுடையது என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பாள். நேற்று அசைந்தது இன்று அசையாது. ஆனால் பாப்பா கூப்பிட்டதும் எழுந்து போகும். விலா எலும்புகளுக்குள் அந்த நறநறப்பு. ஒவ்வொரு மூச்சுக்கும். சோப்பு வாசனை இப்போது வெளியிலிருந்து வரவில்லை. அவள் வியர்வையிலிருந்து வந்தது. கண்ணாடியில் முகம் அவளுடையதுதான். அதைத் தொட்டுப் பார்க்கும் விரல்கள் வேறு யாருடையவையோ. எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கதவைத் திறந்தாள். வாய் திறந்தது. "நல்லா இருக்கேன்க்கா" என்றது. அவள் குரல்தான். அவள் சொல்லவில்லை.

அது கழுத்தையும் தாண்டி வந்திருந்தது.

அன்று மாலை வெயில் மஞ்சளாக அறைக்குள் சாய்ந்து கிடந்தது. படிக்கட்டில் பாப்பாவின் காலடி கேட்டது. அவள் உடம்பு எழுந்து, நாற்காலியை நடு அறைக்கு இழுத்துப் போட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தது. மடியைத் தட்டியது. பாப்பா ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

மெதுவாக, மெதுவாக, மெதுவாக. ஓட்டம், ஓட்டம், ஓட்டம். பள்ளம்.

பாப்பா சிரித்தாள். மறுபடி. பள்ளம். மறுபடி.

"போதும்மா" என்றாள் பாப்பா, மூச்சு வாங்க.

தங்கை அந்தச் சொல்லைக் கேட்டதும் நிறுத்திவிடுவாள். எப்போதும். குழந்தையை இறுக்கி அணைத்து, "வண்டி நின்னுடுச்சு, எல்லாரும் இறங்குங்க" என்பாள். அதை அவள் சமையலறையில் இருந்து கேட்டிருக்கிறாள்.

முழங்கால் நிற்கவில்லை.

ஓட்டம். ஓட்டம்.

"போதும். அம்மா, போதும்."

ஓட்டம்.

தங்கை இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது தங்கை இல்லை. ஆட்டத்தைத் தெரிந்துவைத்திருக்கிறது. நடையைத் தெரிந்துவைத்திருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. நிறுத்து என்று கத்தினாள். உள்ளுக்குள். தொண்டை அவளுடையதாக இல்லை. நாக்கு இல்லை. கண் மட்டும் மிச்சமிருந்தது. கண்ணும் ஓரங்களிலிருந்து வெள்ளையாகிக்கொண்டு வந்தது. பொடிப்பொடியாக. ரவையைப் போல.

பள்ளம்.

பாப்பா சிரிக்கவில்லை. விழாமலிருக்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளாலும் அந்த முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள். ஒரு கண்ணை. இன்னொரு கண்ணை. பூட்டிய வீட்டின் ஜன்னல் வழியாக உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல.

"பெரியம்மா எங்கே?"

இங்கே இருக்கேன் கண்ணு. இங்கேதான்.

வாய் மெல்ல விரிந்து, அன்போடு சிரித்தது. இரண்டு கைகளும் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று கோத்துக்கொண்டன. முழங்கால் அவளைத் தூக்கியது. மெதுவாக. மெதுவாக. மெதுவாக.